சைட்மேப்பில் பொய்த் தேதி

கம்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி குமுளிக்கு வரும் தம்பி ஒருவன் என்னிடம் வெப்சைட் வேலை பழகுகிறான். போன வாரம் ஒரு ஹோம்ஸ்டே தளத்துக்கு சைட்மேப், அதாவது தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிகளை கூகுள் மாதிரித் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல், போட்டுக் காட்டினான். 62 பக்கம். அத்தனைக்கும் லாஸ்ட்மாட் (lastmod, கடைசியாக மாறிய தேதி) அன்றைய தேதி! நான் ஒரு காலத்தில் பண்ணிய அதே கூத்து.

டேக் மூடாதது, முகவரியில் எழுத்துப்பிழை இதையெல்லாம் தள உரிமையாளருக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலே காட்டிவிடும். விடுங்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதி

"டெய்லி தேதி மாறுனா கூகுள் டெய்லி வரும்லண்ணே?" என்றான். வராது. லாஸ்ட்மாட் என்றால் அந்தப் பக்கத்தில் உருப்படியாக ஏதோ கடைசியாக மாறிய நாள். அது மெய்யாக இருந்து வந்தால்தான் கூகுள் கணக்கில் எடுக்கும். போடி ஏலத்துக்கு வரும் ஏலக்காய் மூட்டை எல்லாவற்றிலும் '8 எம்எம்' (பெரிய காய்) என்று எழுதிவைத்தால், இரண்டைப் பிரித்துப் பார்த்தவன் மூன்றாவதில் எழுதியிருப்பதைப் படிப்பானா?

அந்தக் காலத்தில் ஒரு தளத்துக்கு சைட்மேப்பைத் தானாகப் போட நான் எழுதிய ஸ்கிரிப்ட் நள்ளிரவு 12 மணிக்கு ஓடும். பக்கம் மாறிய தேதியை எடுக்காமல், தான் ஓடிய தேதியை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடும். மாதக்கணக்கில் கவனிக்கவில்லை. கார்த்திகையில் சபரிமலை சீசனுக்கு அந்தத் தளத்தின் முதலாளி அறை வாடகையை ஏற்றினார். பக்கத்தை அன்றே மாற்றினேன். தேடலில் இரண்டு வாரம் பழைய வாடகையே நின்றது. ஒரு வேன் நிறைய வந்த சாமிமார் போனை நீட்டி, "இதுல 900னுதானே இருக்கு?" என்றார்கள். மாலை போட்டவர்களிடம் மல்லுக்கட்ட முடியுமா? முதலாளி பழைய வாடகைக்கே கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை என் பில்லில் கழித்தார்.

தேதி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவசரத்துக்குக் கையில் இருந்த சீட்டை நானே செல்லாததாக்கியிருந்தேன். சர்ச் கன்சோலில் அந்த ஒரு பக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லிக் கையால் கொடுக்கவும் அன்று தோன்றவில்லை.

டேட்டாபேஸில் பதிவு திருத்தப்பட்ட தேதியை எடுங்கள். அடியில் காப்புரிமை வருஷம் மாறியதற்கெல்லாம் தேதி மாற்றாதீர்கள். தேதி தெரியாதா, லாஸ்ட்மாட்டே வேண்டாம், அது கட்டாயமில்லை.

தம்பி திருத்திக்கொண்டு வந்தான். 41 பக்கத்துக்கு 2021ஆம் வருஷத் தேதி. "அசிங்கமா இருக்குண்ணே." இருக்கட்டும், அப்படியே ஏற்று என்றேன்.

வேண்டாத பக்கங்கள்

நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போட்டதையும், வேறிடத்துக்குத் திருப்பிவிட்ட பழைய முகவரியையும் சைட்மேப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மலையாளப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கேரள எல்லையான இங்கே பாதி வியாபாரம் அதில்தான்.

பிங்

சைட்மேப் மாறியதும் கூகுளைத் தட்டிச் சொல்வதுதான் பிங். அதை கூகுள் 2023 ஜூனிலேயே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. தேடுபொறிகள் படிக்கும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) சைட்மேப்பின் முழு முகவரி இருந்தால் போதும்.

பிரையாரிட்டி, சேஞ்ச்ஃப்ரீக்

பக்கம் எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி மாறும் என்று சைட்மேப்பில் போடுபவை. கூகுள் இரண்டையும் பார்ப்பதே இல்லை.

ஒரு கோப்பில் 50,000 முகவரிக்கு மேல்

குமுளியில் அந்த வரம்பைத் தாண்டும் கவலை யாருக்கும் வந்ததில்லை.