தண்டுவடக் காயத்தில் தசை இறுக்கத்தை அளப்பது

தண்டுவடக் காயமுற்றவரின் தசை இறுக்கம் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் இருக்கும் என்பதால், அளக்கும் நேரத்தையும், தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதையும், படுத்திருக்கும் நிலையையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண் ஆகியவை இறுக்கத்தைக் கூட்டக்கூடியவை. அவற்றை முதலில் விசாரிக்கவும்.

மூட்டை அசைக்கும்போது தசை காட்டும் எதிர்ப்பைக் கையால் உணர்ந்து மதிப்பிடும் திருத்திய ஆஷ்வொர்த் அளவுகோலில் (1987) 0 (கூடுதல் இறுக்கம் இல்லை), 1, 1+, 2, 3, 4 (அசையாத விறைப்பு) என ஆறு படிகள் உண்டு. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தபின், நீட்டிய முழங்காலை ஏறக்குறைய ஒரு விநாடியில் மடக்கிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப மடக்கினால் தசை தளர்ந்து படி குறைந்துவிடும்; ஆகவே ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. 1-க்கும் 1+-க்கும் இடையேதான் கைகள் அதிகம் ஏமாறுகின்றன.

இந்த அளவுகோல் தசை இறுக்கத்தையும் தசைச் சுருக்கத்தையும் (தசையே நிலையாகக் குறுகிவிடுவதை) பிரித்துக் காட்டாது. அதற்கு டார்டியூ முறை உதவும்: கணுக்காலை மிக மெதுவாக மேல்நோக்கி வளைத்து எட்டும் கோணத்தையும், இயன்ற வேகத்தில் வளைக்கையில் வெடுக்கென்று தசை பிடிக்கும் கோணத்தையும் கோணமானியால் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாயின் அனிச்சைச் செயலே முக்கியக் காரணம்; மெதுவாக வளைத்தும் கணுக்கால் சிறிதே வளைந்து, இடைவெளியும் குறைவாயின், தசையே குறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

படுக்கையில் தளர்ந்திருக்கும் கால், சக்கர நாற்காலிக்கு மாறும்போது துள்ளி எழலாம். எனவே படுக்கையில் அளப்பது மட்டும் போதாது; நாற்காலிக்கு மாறும்போதும் இரவிலும் கால் எத்தனை முறை துடித்தது என்று காயமுற்றவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தவரை அளப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும்.