இந்தியக் குடியுரிமை இல்லாத பள்ளி மாணவருக்குப் போட்டி தேடுவது எப்படி?

கங்கைகொண்டான், கோபாலசமுத்திரம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும், அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பாளையங்கோட்டையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கும் ஒரே இடத்தில்தான் இடிக்கும். கட்டுரை தயார், படம் தயார். ஃபார்மில் 'நேஷனாலிட்டி' கட்டம் வந்ததும் கை நின்றுவிடும். 'நமக்கெல்லாம் கிடையாது' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பல போட்டிகளில் அந்தக் கட்டம் தகுதியைத் தீர்மானிப்பதே இல்லை.

முகாமில் பிறந்தவர்களுக்கு ஒரு தெளிவு: இந்திய மண்ணில் பிறந்தாலே இந்தியர் என்பது 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்தது. கையில் ஆதார் இருப்பதால் 'இந்தியன்' என்று போட்டுவிடாதீர்கள். ஆதார் 182 நாள் இங்கே குடியிருந்ததற்காகக் கிடைப்பது. குடியுரிமைச் சான்று அல்ல.

படி 1: விதியில் எந்தச் சொல் என்று பாருங்கள்

இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். தகுதிப் பக்கத்தைத் திறந்து, போனில் குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஃபைண்ட் இன் பேஜ்' போய், மூன்று சொற்களைத் தனித்தனியாகத் தேடுங்கள்: சிட்டிசன், ரெசிடென்ட், என்ரோல்டு. முதலாவது குடியுரிமை, இரண்டாவது குடியிருப்பு, மூன்றாவது பள்ளிச் சேர்க்கை. பின்னிரண்டில் ஏதாவது ஒன்று போதும் என்றால் கதவு திறந்திருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் தேடல் ஒன்றுமே காட்டாது. 'இல்லை' என்று நினைத்துவிடாமல் கண்ணால் வாசியுங்கள்.

உதாரணத்துக்கு குயின்ஸ் காமன்வெல்த் கட்டுரைப் போட்டி. இந்தியாவும் இலங்கையும் உள்ள காமன்வெல்த் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் பொது. இலங்கைக் குடியுரிமைப் பதிவு இருந்தாலும் சரி, எந்தப் பதிவும் இல்லாமல் நெல்லையில் வாழ்ந்தாலும் சரி, தகுதி உண்டு. கட்டணம் கிடையாது. 14 வயதுக்குக் கீழே ஜூனியர், 14 முதல் 18 வரை சீனியர். சீனியர் கட்டுரை 1,500 சொல்லைத் தாண்டக்கூடாது.

ஸ்காலஸ்டிக் ஆர்ட் அண்ட் ரைட்டிங் அவார்ட்ஸ் இதற்கு நேர்மாறு. அங்கே குடியுரிமை கேட்பதில்லை, ஆனால் அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் கிரீன் கார்டு இல்லாமல் படிக்கும் உங்கள் சித்தப்பா மகளுக்கு ஆகும். பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு ஆகாது. ரீஜெனரான் சயின்ஸ் டேலன்ட் சர்ச் என்ற அறிவியல் ஆய்வுப் போட்டியில், அமெரிக்காவில் பள்ளிக் கடைசி வகுப்பில் படிப்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். வெளிநாட்டில் படிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அதில் வழி உண்டு, நிபந்தனையை விதியில் பாருங்கள்.

'ஓப்பன் டு ஆல் இந்தியன் ஸ்டூடன்ட்ஸ்' என்ற வரிதான் பெரிய தொல்லை. இந்தியரா, இந்தியாவில் படிப்பவரா? ஊகிக்காமல் மெயில் போடுங்கள். நான்கே வரி: வகுப்பு, பள்ளி இருக்கும் ஊர், 'இந்தியாவில் குடியிருக்கிறேன், குடிமகன் அல்ல', 'கலந்துகொள்ளலாமா?'. குடும்பக் கதை வேண்டாம். வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இறுதிச் சுற்றில் வேறொருவர் மறுத்தால் காட்ட அதுதான் இருக்கும்.

படி 2: உள்ளூரிலிருந்து தொடங்குங்கள்

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவில் பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தலா 2,000 சிறப்புப் பரிசு தனி. தலைமை ஆசிரியர் பரிந்துரைத்தால்தான் போக முடியும். ஆகவே அறிவிப்பு செய்தித்தாளில் வருவதற்குள் தமிழ் ஐயாவிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்கும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) வழியாகப் பள்ளிதான் பதிவு செய்யும். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையத்தின் அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

கணித, அறிவியல் ஒலிம்பியாட் ஆசை இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: இந்திய அணித் தேர்வில் குடியுரிமை விதி முன்வரிசையில் நிற்கும். அந்த ஆண்டின் அறிவிப்பை வாசிக்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டுப் போட்டிகளில் கவிதைக்கு ஃபாயில் யங் போயட்ஸ் நல்ல தொடக்கம்: 11 முதல் 17 வயது, எந்த நாடானாலும் சரி, இலவசம். 'தேர்வாகிவிட்டீர்கள், மெடலுக்கு மூவாயிரம் அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றை அப்படியே அழித்துவிடலாம்.

படி 3: பெயரை ஒன்றாக்குங்கள்

'கஜன்' என்ற பெயர் முகாம் அட்டையில் கே-யில் தொடங்கும். பள்ளியில் ஜி போட்டு எழுதியிருப்பார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக வரும், எமிஸில் இனிஷியல் மட்டும். கட்டுரை அனுப்பும்போது இது யாருக்கும் உறுத்தாது. இன்ஸ்பயர் மானக் (மத்திய அரசின் மாணவர் அறிவியல் யோசனைப் போட்டி) மாதிரி 10,000 ரூபாய் நேரே மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும் இடத்தில்தான் பணம் திரும்பிப் போகும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் சொல்லி எமிஸில் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் ஒற்றை எழுத்து போடாமல் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள்.

படி 4: கட்டங்களை நிரப்புவது

'கன்ட்ரி ஆஃப் ரெசிடென்ஸ்' என்றால் இந்தியா, யோசிக்கவே வேண்டாம். 'நேஷனாலிட்டி'யில், சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமை பெற்றிருந்தால் இலங்கை. பெறவில்லை என்றால் பட்டியலில் 'ஸ்டேட்லெஸ்' அல்லது 'அதர்' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள். பாஸ்போர்ட் எண் கட்டாயமாக இருந்தால் ஆதார் எண்ணை அங்கே திணிக்காதீர்கள். இங்கே படிக்கிறார் என்று பள்ளி தரும் போனஃபைட் சான்றை, முத்திரையோடு, ஆங்கிலத்தில், பிறந்த தேதி சேர்த்து வாங்கி இணைத்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

பயணத்தையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். காமன்வெல்த் போட்டியில் உச்சப் பரிசு பெற்றால்தான் லண்டன் பயணம். தங்கம், வெள்ளி, வெண்கலச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. சென்னையில் இறுதிச் சுற்று, இரவு தங்க வேண்டும் என்றால் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அழைப்புக் கடிதமும் கூட வரும் ஆசிரியர் பெயரோடு தலைமை ஆசிரியர் கடிதமும் சேர்த்து, ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். முகாமில் வருகைப் பதிவு எடுக்கும் நாளில் பயணம் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்ப்பு: ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படுவது) இருந்தால் எல்லாம் ஆகும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அது குடியுரிமை அல்ல. 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று எழுதிய இடத்தில் ஓ.சி.ஐ. பற்றித் தனி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதே நான்கு வரி மெயில்தான்.