சப்வெர்ஷனில் இருந்து ஒரு ஃபோல்டரை மட்டும் கிட்டுக்கு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்), கிட் இரண்டும் கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவிகள். பெரிய ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) இருந்து ஒரு பகுதியைப் பிரிக்கும்போது, அந்த ஃபோல்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. முன்பு எங்கெல்லாம் இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்று 'டிரங்க்/பில்லிங்' என்று இருப்பது, 4210-ஆம் ரிவிஷன் (எண்ணிட்ட மாற்றப் பதிவு) வரை 'டிரங்க்/லிப்/பில்' என்று இருந்திருக்கலாம். புதிய பாதையை மட்டும் கொடுத்தால் எஸ்விஎன்-டம்ப்-ஃபில்டர் (ரெப்போ வரலாற்றிலிருந்து வேண்டிய பாதைகளை மட்டும் வடிகட்டும் கருவி), காப்பி எடுத்த மூலப்பாதை செல்லாது என்று சொல்லி நின்றுவிடும். நிற்பது நல்லதுதான். எஸ்விஎன் வரலாற்றை கிட்டுக்கு மாற்றும் கருவியான கிட்-எஸ்விஎன் நிற்காது. முழு ஃபோல்டரும் நகர்ந்திருந்தால் பின்தொடரும். வெளியிலிருந்து தனியாக வந்த ஃபைலை அன்றுதான் பிறந்தது போலப் பதிந்துவிடும். அந்த ஃபைலின் பழைய வரலாறு சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

எனவே முதலில் எஸ்விஎன் லாகை (மாற்றப் பட்டியலை), மாறிய பாதைகளைக் காட்டும் வெர்போஸ், காப்பி ஆன இடத்தில் நிறுத்தும் ஸ்டாப்-ஆன்-காப்பி இரண்டும் போட்டு ஓட்டுங்கள். கடைசிப் பதிவில் எந்தப் பாதையிலிருந்து, எந்த ரிவிஷனிலிருந்து வந்தது என்று இருக்கும். அந்தப் பழைய பாதை இன்று இல்லை என்பதால், பாதைக்குப் பின்னால் '@4210' சேர்த்தால்தான் அதன் லாக் வரும். இப்படியே அடிவரை போங்கள். தனி ஃபைல்கள் நிறைய வந்திருந்தால், முழு ரெப்போவையும் மாற்றிவிட்டு, பிறகு கிட் ஃபில்டர்-ரெப்போவில் (கிட் வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவியில்) பழைய, புதிய பாதைகள் எல்லாவற்றையும் கொடுத்து வெட்டுவதே பாதுகாப்பு. ஃபில்டர்-ரெப்போ பெயர் மாற்றத்தைத் தானாகத் தொடராது.

டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளும் கிட்-எஸ்விஎன்னின் ஸ்டாண்டர்ட் லேஅவுட் ஆப்ஷனைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பிராஞ்ச்கள் (கோடின் தனிக் கிளைகள்) 'பிராஞ்சஸ்/*/பில்லிங்' என்ற அமைப்பில் இருந்தால் அதையே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எஸ்விஎன் பயனர் பெயர்களை கிட்டில் வரும் பெயர், மின்னஞ்சலோடு இணைக்கும் ஆதர்ஸ் ஃபைலில் ஒரு பெயர் விடுபட்டாலும் கிட்-எஸ்விஎன் நடுவழியில் நின்றுவிடும். ஆசிரியர் பெயரே இல்லாத பழைய கமிட்களுக்கும் (மாற்றப் பதிவுகளுக்கும்) ஒரு வரி வேண்டும்.

டேக்குகள் (ரிலீஸ் போன்ற ஒரு நிலைக்கு வைத்த பெயர்கள்) ரிமோட் பிராஞ்ச்களாகத்தான் வந்து சேரும். அவற்றை உண்மையான டேக்குகளாக மாற்றுங்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை, கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் ஏற்காது. அது இன்று அழிக்கப்பட்டிருந்தாலும் வரலாற்றில் இருந்தால் போதும், புஷ் (அங்கே அனுப்புவது) தடைபடும். புஷ் செய்யும் முன்பே நீக்குங்கள். பிறகு நீக்கினால் அந்த இடத்திலிருந்து எல்லா கமிட் ஹாஷும் (அடையாளக் குறியும்) மாறும், மற்றவர்கள் மறுபடி குளோன் (முழு நகல்) எடுக்க வேண்டிவரும்.

கடைசியாக, ஒவ்வொரு ரிலீஸ் டேக்கையும் எஸ்விஎன் ஃபைலுக்குள் தானே நிரப்பும் கீவேர்டுகளை விரிக்காமல் எஸ்விஎன் எக்ஸ்போர்ட் எடுத்து, கிட் செக்அவுட்டோடு டிஃப் (வித்தியாசம்) பாருங்கள். காலி ஃபோல்டர்களும் எக்ஸ்டெர்னல்ஸில் (வேறு இடத்திலிருந்து இழுக்கும் இணைப்புகளில்) வந்தவையும் கிட் பக்கம் இருக்காது. வேறு எந்த வித்தியாசம் வந்தாலும் பழைய சர்வரை நிறுத்தாதீர்கள்.