மூன்றாவது ஆள் வந்ததும் வீடியோ போகிறதா?

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதில் ஜிட்சி மீட் என்ற வீடியோ சந்திப்பு மென்பொருளை நிறுவுகிறீர்களா? இரண்டு பேர் பேசிப் பார்த்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று நினைத்துவிடாதீர்கள். இருவர் மட்டும் இருக்கும்போது படமும் குரலும் பெரும்பாலும் சர்வரைத் தொடாமல் நேரடியாகவே போகும். மூன்றாமவர் நுழைந்ததும்தான், படத்தையும் குரலையும் சர்வர் வழியாகப் பகிரும் ஜிட்சியின் பகுதியான வீடியோபிரிட்ஜ் வேலைக்கு வரும். அப்போது எல்லோர் முகமும் கறுப்பாகிவிட்டால், முதலில் படமும் குரலும் சர்வருக்கு வந்துபோகும் வாசலான யுடிபி 10000 போர்ட்டைப் பாருங்கள். இணையப் பக்கத்துக்கான டிசிபி 443 போர்ட் மட்டும் திறந்திருந்தால் பக்கம் அழகாகத் திறக்கும், படம் வராது.

ரௌட்டரில் அந்தப் போர்ட்டை விர்ச்சுவல் மெஷினின் உள் ஐபிக்கு (உங்கள் நெட்வொர்க்குக்குள் அதன் முகவரி) திருப்பிவிடுங்கள். அப்புறம் வீடியோபிரிட்ஜ் கான்ஃபிக் கோப்பில், இரு முகவரிகளையும் இணைத்துக் காட்டும் ஸ்டேட்டிக் மேப்பிங் பகுதியில் உள் ஐபி, பொது ஐபி (இணையத்தில் தெரியும் முகவரி) இரண்டையும் எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸின் ஃபயர்வாலை இயக்கியிருந்தால் அங்கேயும் அனுமதி வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

விர்ச்சுவல் மெஷினின் சிபியு வகையை 'ஹோஸ்ட்' (உண்மையான கணினியின் சிபியுவையே காட்டுவது) என்று வைப்பது நல்லது. ஆனால் வீடியோபிரிட்ஜ் படங்களை ஒன்றாகக் கலப்பதில்லை, வந்ததை அப்படியே பிறருக்கு அனுப்புகிறது. அதனால் சிபியுவைவிட இணைப்புக்கே சுமை அதிகம்; சிபியு கோர்களைக் கூட்டுவதற்கு முன், உங்கள் இணைப்பின் அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள்.