கரண்ட் போனாலும் கெடாத லாஞ்சர்: தன்னைத் தானே புதுப்பிக்க வைப்பது எப்படி?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைக் கொழுந்து எடை நிலையம் என்று வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிகள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். எடை ரசீது போடும் மென்பொருளை ஒரு லாஞ்சர்தான் திறந்துவிடுகிறது. மழை நாளில் அங்கே மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம். லாஞ்சர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? திரும்பி வந்ததும் ரசீது போட முடியவேண்டும். அதாவது, எந்த நொடியில் நின்றாலும் ஓடக்கூடிய லாஞ்சர் ஒன்று டிஸ்கில் இருந்தாகவேண்டும்.

படி 1: ஃபோல்டர்களைப் பிரித்து வையுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸி ஃபைலை (நிரல் இருக்கும் ஃபைல்) விண்டோஸ் அழிக்கவோ மேலெழுதவோ விடாது. பெயர் மாற்ற விடும். பழசின் பெயரை மாற்றிவிட்டுப் புதுசை அந்த இடத்தில் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் கரண்ட் போனால் ஷார்ட்கட் தேடும் பெயரில் ஒன்றுமே இருக்காது. அதனால் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள்: 3.9, 3.10 என்று. எதைத் திறப்பது என்பதை ஒரு சின்னச் சுட்டி ஃபைல் சொல்லட்டும். அதைப் படித்து லாஞ்சரைத் திறக்கும் குட்டி நிரல் ஒன்று போதும். அதை ‘தொடக்கி’ என்போம். அதை மாற்றவே வேண்டியிராத அளவுக்கு எளிமையாக எழுதுங்கள்.

படி 2: டவுன்லோட்

ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாக, அதே டிரைவில் உள்ள தற்காலிக ஃபோல்டருக்கு இறக்குங்கள். வேறு டிரைவில் இறக்கினால், பிறகு இடம் மாற்றுவது காப்பி எடுக்கும் வேலையாகிவிடும். அது பாதியில் நிற்கலாம்.

படி 3: கையொப்பம் பாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஷா-256 ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போனால் ஃபைல் வழியில் சிதையவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். சர்வருக்குள் புகுந்தவன் ஃபைலோடு ஹாஷையும் மாற்றிவிடுவான். எனவே வெளியீட்டுத் தகவலை (பதிப்பு எண், ஹாஷ்) எட்25519 என்ற டிஜிட்டல் கையொப்ப முறையின் தனிச் சாவியால் கையொப்பமிடுங்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க அதன் ஜோடியான பொதுச் சாவி போதும். பொதுச் சாவி லாஞ்சருக்குள்ளேயே இருக்கட்டும். தனிச் சாவி சர்வரில் இருக்கவே கூடாது.

பதிப்பு எண்ணும் கையொப்பத்துக்குள் வருவதற்குக் காரணம் உண்டு: ஓட்டை உள்ள பழைய பதிப்பை யாராவது புதுசு என்று நீட்டினால் லாஞ்சர் மறுக்கவேண்டும். ஒப்பிடும்போது எண்ணாக ஒப்பிடுங்கள். எழுத்தாக ஒப்பிட்டால் 3.10 என்பது 3.9-ஐவிடச் சின்னதாகிவிடும்.

படி 4: மாற்றுங்கள்

சரிபார்த்த பிறகே தற்காலிக ஃபோல்டருக்கு 3.10 என்று பெயர் வையுங்கள். அப்புறம் புதிய சுட்டியைத் தனி ஃபைலில் எழுதி, டிஸ்கில் பதிந்ததை உறுதிசெய்து, பழைய சுட்டியின் பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் ஓடும்போது இந்த மாற்றம் பாதியில் தெரியாது: திறப்பவருக்குப் பழசு கிடைக்கும், இல்லையென்றால் புதுசு. விண்டோஸிலும் சரி, சுட்டியைப் படிக்க முடியாமல் போனால் படி 5 கைகொடுக்கும்.

படி 5: திரும்பும் வழி

புதிய லாஞ்சர் நன்றாகத் திறந்ததும் தன் ஃபோல்டரில் ‘நலம்’ என்று ஒரு குறி வைக்கட்டும். ஒருமுறை திறந்தும் குறி விழவில்லை என்றாலோ சுட்டியைப் படிக்க முடியவில்லை என்றாலோ, குறி உள்ளவற்றில் புதியதைத் தொடக்கி திறக்கட்டும். முந்தைய பதிப்பு ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

வெளியிடும் முன் ஒவ்வொரு படியின் நடுவிலும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.