ஸ்காட்லாந்து அரசிடம் பதில் பெறுவது எப்படி

1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் லண்டனிலுள்ள பிரிட்டன் அரசுக்கென ஒதுக்கிய குடியேற்றம், பாதுகாப்பு போன்றவை போக, மருத்துவம், கல்வி, காவல் முதலியவை எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து அரசின் பொறுப்பு என்பதால், உங்கள் குறை எந்த அரசைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். குப்பையும் தெருவிளக்கும் உள்ளூர் மன்றத்தின் வேலை.

பிறகு அதற்குப் பொறுப்பான அலுவலகத்திடம் ஆவணங்களைக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி எவரும் காரணம் கூறாமலே கேட்கலாம். பொதுவாக 20 வேலைநாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். “மருத்துவமனை ஏன் இப்படி இருக்கிறது?” என்று எழுதினால் மழுப்பலான பதிலே வரும். “பிரசவப் பிரிவை மூடுவது குறித்து ஜனவரி முதல் ஜூன் வரை நடந்த கூட்டங்களின் குறிப்புகளைத் தாருங்கள்” என்று எழுதினால் நழுவ இடமிருக்காது. மறுத்தால் அதே அலுவலகத்திடம் மறுபரிசீலனை கோரி, அதிலும் நிறைவில்லையெனில் தகவல் ஆணையரிடம் முறையிடலாம்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஒவ்வொருவருக்கும் தொகுதி உறுப்பினர் ஒருவரும் வட்டார உறுப்பினர் எழுவருமாக எட்டுப் பிரதிநிதிகள் உள்ளனர். கிடைத்த ஆவணத்தை இணைத்து, அமைச்சரிடம் எழுத்துமூலக் கேள்வி எழுப்புமாறு அவர்களிடம் கேளுங்கள். என் கணிப்பில் இதுவே வலுவான வழி. நாடு தழுவிய கொள்கையை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்கு மனு அளிக்கலாம். அதற்கு ஒரே கையெழுத்து போதும்.