புதுக் காளான் என்று பெயர் வைக்கும் முன்

பறித்த காளானைப் பையில் போட்டு மூடிவிடாதீர்கள். நிறம், மணம், வெட்டிய இடம் நீலமாகிறதா, பக்கத்தில் என்ன மரம் என்று அங்கேயே எழுதுங்கள். காய்ந்தபின் இவை மிஞ்சாது. நான் தண்டை மண்ணோடு தோண்டித்தான் எடுப்பேன். அமானிட்டா என்ற காளான் பேரினத்தின் வகைகளைப் பிரித்தறிய அந்த அடிப்பகுதி கட்டாயம் வேண்டும். குடையை இரவு முழுக்கக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்தால் காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். அதன் நிறத்தைக் குறித்துக்கொண்டு, நுண்ணோக்கியில் 20 வித்துகளையாவது அளவெடுங்கள்.

அப்புறம் ஒரு துண்டைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, டிஎன்ஏவில் காளான் இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐடிஎஸ் என்ற பகுதியைப் படிக்க அனுப்புங்கள். ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ வரிசைத் தரவுத்தளத்தில் எதுவும் நெருங்கிப் பொருந்தவில்லையா? அவசரப்படாதீர்கள், அங்கே தவறான பெயரில் ஏறிய வரிசைகளும் உண்டு. டிஎன்ஏ வழி உறவைக் காட்டும் மரபுக்கிளைப் படமும் உருவ வேறுபாடும் ஒன்றையே சொன்னால் சரி, புது இனம் என்று எழுதலாம். அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை, உலர் மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியத்தில் சேர்த்து, மைக்கோபேங்க் போன்ற காளான் பெயர்ப் பதிவகத்தில் எண் வாங்குங்கள். 2013 முதல் வெளியாகும் புதுக் காளான் பெயர் அந்த எண் இல்லாமல் செல்லாது.